ஊரில் கட்டும் வீடும் ஒன்றாக ஏறும் விலையும்

சயான் ஸ்டேஷனில் இரவு ஒன்பது மணிக்கு மேல் இறங்கி தாராவிப் பக்கம் நடக்கும் கூட்டத்தில் பலருக்கு ஊரில் ஒரு வீடு இருக்கிறது. நாங்குநேரிப் பக்கமோ, சாத்தான்குளத்துப் பக்கமோ, வள்ளியூருக்கு அப்பாலோ அது நிற்கும். கட்டி முடிந்த வீடாக இருக்காது. வானம் தோண்டி, அடிமட்டம் எழுப்பி, சுவர் ஏறி, லிண்டலோடு நின்றிருக்கும். போனஸ் வந்தால் நாலு வரிசைக் கல் ஏறும். கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி என்று வந்தால் ஓர் ஆண்டு அப்படியே நிற்கும். வாடகைக் குடிசையிலும் சால் அறையிலும் ஆயுளைக் கழிப்பவர்களுக்கு அந்த அரைகுறைச் சுவர்தான் ஆறுதல்.

அப்படி ஒருவருக்கு ஊரிலிருந்து கொத்தனார் போன் பேசுகிறார்.

"அண்ணாச்சி, சென்டரிங் அடிச்சாச்சு. ஆனா சிமெண்டு மூட்டைக்கு முப்பது ரூவா ஏறிட்டு. இப்பம் தளம் போடவா, பொறுக்கவா?"

"வேற கம்பெனி மூட்டை கேட்டுப் பாத்தீரா?"

"எல்லாரும் ஏத்திட்டான். ஒண்ணாத்தான் ஏத்திட்டான்."

முப்பது ரூபாய் என்பது பெரிய தொகையாகத் தோன்றாது. தமிழ்நாடு அரசு 2015-ம் ஆண்டில் மலிவு விலை சிமெண்ட் விற்றபோது, 100 சதுர அடி கட்டிடத்துக்கு 50 மூட்டை என்று கணக்கு வைத்தது. அந்தக் கணக்குப்படி 800 சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டை வேண்டும். மூட்டைக்கு 30 ரூபாய் ஏறினால் மொத்தம் 12,000 ரூபாய். பட்டறையில் தையல் மெஷின் மிதிப்பவருக்கு அது பல வாரக் கூலி. ஓட்டலில் தட்டு கழுவும் பையனுக்கு அதைவிடவும் அதிகம்.

அந்தக் கொத்தனார் சொன்ன கடைசி வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. "ஒண்ணாத்தான் ஏத்திட்டான்." பல கம்பெனிகள் போட்டி போட்டு விற்கும் சரக்கின் விலை எப்படி ஒரே சமயத்தில் ஏறும்? ஒருவன் ஏற்றினால் மற்றவன் ஏற்றாமல் இருந்து வாடிக்கையாளரைப் பிடித்துக்கொள்ள மாட்டானா?

ஏழை பணக்காரன் ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசும்போது சம்பளம், வரி, ரேஷன், இலவசம் என்றெல்லாம் பேசப்படுகிறது. இந்தக் கேள்வி மட்டும் மேடைக்கு வருவதில்லை. வர வேண்டிய கேள்வி இதுதான்.

ஆணையம் கண்டது என்ன?

இது வெறும் சந்தேகம் அல்ல. நாட்டின் சட்டப்படி அமைந்த ஓர் ஆணையம் விசாரித்து முடிவு சொன்ன விஷயம்.

இந்தியக் கட்டுநர் சங்கம் 2010-ம் ஆண்டில் இந்தியப் போட்டி ஆணையத்திடம் ஒரு புகார் கொடுத்தது. பெரிய சிமெண்ட் கம்பெனிகள் கூடிப் பேசி உற்பத்தியைக் குறைத்து விலையை ஏற்றுகின்றன என்பதே புகார். ஆணையம் கணக்குகளை வாங்கிப் பார்த்தது. கம்பெனிகளின் விலை ஒன்றையொன்று ஒட்டி ஏறி இறங்கியிருந்தது. ஆலைகளின் சக்தி முழுவதும் பயன்படாமல் கிடந்தது. தங்கள் சங்கத்தின் கூட்டங்களிலேயே கம்பெனிகள் விலை, உற்பத்தி விவரங்களைப் பரிமாறிக்கொண்டன என்றும் ஆணையம் முடிவு கட்டியது.

2012-ம் ஆண்டு ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. 11 சிமெண்ட் கம்பெனிகளுக்கும் அவற்றின் உற்பத்தியாளர் சங்கத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 6,300 கோடி ரூபாய் அபராதம். ஏசிசி, அம்புஜா, அல்ட்ராடெக், இந்தியா சிமெண்ட்ஸ், மெட்ராஸ் சிமெண்ட்ஸ், செஞ்சுரி, பினானி, லஃபார்ஜ், ஜெயப்பிரகாஷ் என்று வீட்டுச் சுவர் விளம்பரங்களில் பார்த்துப் பழகிய பெயர்கள் அந்தப் பட்டியலில் இருந்தன.

கம்பெனிகள் குற்றச்சாட்டை மறுத்தன. எல்லா ஆலைக்கும் கரி, மின்சாரம், ரயில் வாகன் வாடகை ஒன்றுதான். ஆகவே விலையும் ஒன்றுபோல் இருக்கிறது என்று வாதாடின. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் தீர்ப்பை ரத்து செய்து, விசாரணை நடைமுறையில் குறை இருக்கிறது, மறுபடி விசாரியுங்கள் என்று அனுப்பியது. மறுபடி விசாரித்த ஆணையம் 2016 ஆகஸ்டில் ஏறத்தாழ 6,700 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2018 ஜூலையில் தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் போயின. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்று, அபராதத்தில் பத்தில் ஒரு பங்கைக் கட்டச் சொன்னது.

புகார் கொடுத்த ஆண்டு 2010. உச்ச நீதிமன்றப் படியேறிய ஆண்டு 2018. இந்த எட்டு ஆண்டுகளில் சயானிலும் செம்பூரிலும் உழைத்த எத்தனை பேர் ஊரில் தளம் போட்டு, கிரகப்பிரவேசமும் நடத்தி, கடனையும் அடைத்திருப்பார்கள்! அபராதம் முழுவதும் வசூலானாலும் சட்டப்படி அது இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும். மூட்டை வாங்கியவன் கைக்கு ஒரு பைசா திரும்பாது.

ஏழையின் பையிலிருந்து எங்கே போகிறது?

கூடிப் பேசி ஏற்றும் விலை ஒரு வரி மாதிரி. வருமான வரி, சம்பாதிப்பவனின் தகுதி பார்த்துப் பிடிக்கப்படுகிறது. இந்தத் தனியார் வரிக்குத் தகுதி பார்க்கும் வழக்கம் கிடையாது. பங்களா கட்டுபவருக்கும் மூட்டைக்கு முப்பது; ஓட்டு வீட்டைத் தளமாக்குகிறவருக்கும் மூட்டைக்கு முப்பது. அவருக்கு அது ஒரு வேளை விருந்துச் செலவு. இவருக்கு அது பிள்ளையின் காலேஜ் பீஸ்.

அப்படிப் போன பணம் எங்கே சேருகிறது? கம்பெனி லாபமாகி, பங்கு வைத்திருப்பவர்களிடம் சேருகிறது. பங்குகளில் பெரும்பகுதி யாரிடம் இருக்கிறது என்பதைத் தாராவியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பொருளாதார நிபுணர்கள் சிலர் 2024-ம் ஆண்டு வெளியிட்ட கணக்குப்படி, 2022-23-ம் ஆண்டில் இந்தியாவின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதம் மேல்தட்டில் உள்ள நூற்றில் ஒருவரிடம் போயிற்று, சொத்தில் 40.1 சதவீதம் அவர்களிடம் இருந்தது. இந்த மேட்டுக்கும் பள்ளத்துக்கும் காரணங்கள் பல. பல லட்சம் சிறு பைகளிலிருந்து சில பெரிய பெட்டிகளுக்குப் பணம் ஓடும் இந்த வாய்க்காலும் அவற்றில் ஒன்று.

வாய்க்கால் இன்னொரு பக்கமும் ஓடுகிறது. விற்பவர் சிலரே என்றால் விலை ஏறும். வாங்குபவர் சிலரே என்றால் கூலி இறங்கும். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறைக்காரர் இதை நன்றாக அறிவார். அவருடைய பையை வாங்க நாலு வியாபாரிகள் வந்தால் பேரம் பேசலாம். ஒரே வியாபாரிதான் என்றால் அவர் சொன்னதே விலை. பட்டறைக்காரருக்குக் குறைந்தால், கீழே உட்கார்ந்து தைப்பவருக்கு அதைவிடக் குறையும்.

படித்த குமாஸ்தாக்கள் இது தங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோப் ஆகிய பெரிய கம்பெனிகள், ஒருவர் ஆளை மற்றவர் இழுப்பதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டதாக வழக்கு வந்தது. ஊழியர்களுக்கு 41.5 கோடி டாலர் தந்து 2015-ம் ஆண்டில் அதை முடித்துக்கொண்டன. கம்ப்யூட்டர் இன்ஜினீயருக்கே இந்த நிலை என்றால், கணக்கு எழுதுபவருக்கும் காவல் காப்பவருக்கும் கேட்பானேன்?

கன்ட்ரோல் காலம் திரும்ப வேண்டுமா?

இதைச் சொன்னதும் பெரியவர்கள் சிலர், "அந்தக் காலத்தில் அரசாங்கமே விலை வைத்தது, அதுவே மேல்" என்பார்கள். அந்தக் காலத்தையும் மறக்காமல் பார்க்க வேண்டும்.

சிமெண்ட் முதலாளிகள் ஒன்று சேர்வது இந்த நாட்டில் புதிதல்ல. சேர்ந்து விற்பதற்காக 1930-ம் ஆண்டிலேயே ஒரு விற்பனைக் கம்பெனி வைத்தார்கள். 1936-ல் பத்துக் கம்பெனிகள் இணைந்து பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டு ஏசிசி உருவாயிற்று. சுதந்திரத்துக்குப் பின் எழுதிய அரசியல் சட்டம், செல்வமும் உற்பத்திச் சாதனங்களும் பொதுநலத்துக்குக் கேடாக ஓரிடத்தில் குவியக்கூடாது என்று 39-வது பிரிவில் அரசுக்கு வழிகாட்டியது. அதை மனத்தில் வைத்து 1969-ல் ஏகபோகத் தடைச் சட்டம் வந்தது.

ஆனால் சட்டம் ஒரு பக்கம், லைசென்ஸ் மறுபக்கம். புதிதாக ஆலை வைக்க அனுமதி வேண்டும். விரிவாக்கவும் அனுமதி வேண்டும். சிமெண்ட் பஞ்சம் நிரந்தரமாயிற்று. பெர்மிட்டுக்கு மனு போட்டு மாதக்கணக்கில் காத்திருந்ததும், கறுப்புச் சந்தையில் வாங்கியதும் பழைய பம்பாய்க்காரர்களுக்கு நினைவிருக்கும். அறக்கட்டளைக்கு நன்கொடை தந்த கட்டிட முதலாளிகளுக்கு சிமெண்ட் ஒதுக்கப்பட்டது என்ற வழக்கில் 1982 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் பாதகமாகத் தீர்ப்புச் சொல்ல, மகாராஷ்டிர முதலமைச்சர் அந்துலே பதவி விலகினார். அடுத்த மாதமே மத்திய அரசு கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தியது. 1989-ல் முழுதும் நீக்கியது.

கட்டுப்பாடு நீங்கியபின் ஆலைகள் பெருகின. பஞ்சம் போயிற்று. கடைக்குப் போனால் மூட்டை கிடைக்கிறது. இது நல்ல மாற்றம்தான். பெர்மிட் ஆபீசர் போய்விட்டார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் பிறகு யார் உட்கார்ந்தது என்பதைத்தான் 2012-ம் ஆண்டுத் தீர்ப்பு காட்டியது. அரசாங்கம் விலை வைத்தபோது தவறு நடந்தால் தேர்தலில் கேட்கலாம். கம்பெனிகள் கூடி விலை வைத்தால் யாரிடம் கேட்பது?

ஆகவே கன்ட்ரோலும் வேண்டாம், கூட்டுக் கொள்ளையும் வேண்டாம். சந்தை என்றால் உண்மையான சந்தையாக இருக்க வேண்டும். 2002-ம் ஆண்டில் வந்த போட்டிச் சட்டத்தின் நோக்கம் அதுவே. 2009 மே மாதம்தான் அதன் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன.

கூடிப் பேசாமலே ஏற்றினால்?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நாலு பேர் கூடிப் பேசினால் சட்டம் பிடிக்கலாம். கூடிப் பேசாமலே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஏற்றினால்?

செல்போன் விஷயத்தைப் பாருங்கள். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் பேசிய காலம் போய், மணிக்கணக்கில் பேசும் காலம் வந்தது போட்டியால்தான். ஒரு சமயம் பத்துக்கு மேற்பட்ட கம்பெனிகள் இருந்தன. கடைசியில் தனியார் கம்பெனிகள் மூன்றாயின. 2024 ஜூன் கடைசியில் ஒரு கம்பெனி ரீசார்ஜ் கட்டணத்தை உயர்த்துவதாக அறிவித்தது. மறுநாளே மற்ற இரண்டும் அறிவித்தன. ஜூலை முதல் வாரத்தில் மூன்றிலும் புதுக்கட்டணம் வந்துவிட்டது. இதில் ரகசியக் கூட்டம் தேவையில்லை. மூன்றே கடை உள்ள தெருவில் ஒருவன் விலைப்பலகையை மாற்றினால் மற்ற இருவருக்கும் தெரியாதா? பி.எஸ்.என்.எல். மட்டும் அப்போது ஏற்றவில்லை. பலர் அதற்கு மாறினார்கள் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. திருட்டு நடந்தபின் போலீஸ் தேடுவது ஒரு வேலை. கதவைப் பூட்டி வைப்பது வேறு வேலை. விற்பவர்கள் எண்ணிக்கை குறைந்துகொண்டே போக விட்டுவிட்டு, பிறகு அபராதம் போட்டுப் பயனில்லை. எண்ணிக்கை குறையாமல் பார்ப்பதே முதல் காவல்.

சிமெண்டில் நடந்தது என்ன? 2012-ல் அபராதம் விதிக்கப்பட்ட 11 பெயர்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஜெயப்பிரகாஷ் குழுமத்தின் பல ஆலைகள் 2017-ல் அல்ட்ராடெக் வசம் போயின. திவாலான பினானி 2018-ல் அங்கேயே போயிற்று. செஞ்சுரியின் சிமெண்ட் தொழில் 2019-ல் அதோடு இணைந்தது. ஏசிசியும் அம்புஜாவும் 2022 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் ஹோல்சிம் குழுமத்திடமிருந்து அதானி குழுமத்தின் கைக்கு வந்தன.

நெல்லைச் சீமைக்காரர்களுக்கு நெருக்கமான பெயர் இந்தியா சிமெண்ட்ஸ். 1946-ல் தொடங்கிய கம்பெனி. தாழையூத்துக்குப் பக்கத்தில் சங்கர் நகரில் 1949-ல் முதல் ஆலை ஓடியது. ரயிலில் ஊருக்குப் போகிறவர்கள் அந்தப் புகைபோக்கியைப் பார்த்ததும் பெட்டியை இறக்கி வைக்கத் தொடங்குவார்கள். அந்தக் கம்பெனியும் 2024 டிசம்பரில், போட்டி ஆணையத்தின் ஒப்புதலோடு, அல்ட்ராடெக் வசம் போயிற்று.

இவை எல்லாம் சட்டப்படி நடந்தவை. திவாலான ஆலையை ஒருவர் வாங்கி நடத்தினால் தொழிலாளிக்கு வேலை மிஞ்சும் என்பதும் உண்மை. குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு கைமாற்றத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத் தெரியும். பத்தையும் சேர்த்துப் பார்த்தால் கொத்தனார் கேட்டுப் பார்க்க வேறு கடை இல்லாமல் போகும். சிமெண்ட் கனத்த சரக்கு. வண்டி வாடகை கொடுத்து அதிக தூரம் கொண்டுபோக முடியாது. ஆகவே இந்தியா முழுவதும் எத்தனை கம்பெனி என்று எண்ணினால் போதாது. நெல்லை மாவட்டத்துக் கடையில் எத்தனை பேர் மூட்டை இருக்கிறது என்று எண்ண வேண்டும்.

வரி குறைந்தால் போதுமா?

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் மீதான சரக்கு சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வீடு கட்டுகிறவர்கள் வரவேற்ற செய்தி. ஆனால் அரசு விட்டுக்கொடுக்கும் வரி யார் கையில் சேரும் என்பதை நிர்ணயிப்பது சந்தையில் உள்ள போட்டிதான். பல பேர் போட்டியிட்டால் குறைந்த வரி குறைந்த விலையாகி வாங்குபவனிடம் வரும். போட்டி மெலிந்தால் இன்று குறைந்த விலை, மாதா மாதம் ஐந்து, பத்து என்று ஏறிப் பழைய இடத்துக்கே போய்விடும். அப்போது அரசுக்கும் நஷ்டம், ஏழைக்கும் லாபமில்லை.

தமிழ்நாடு இன்னொரு வழியையும் கையாண்டிருக்கிறது. ஆலங்குளத்திலும் அரியலூரிலும் அரசு சிமெண்ட் ஆலைகள் உண்டு. 2015 ஜனவரியில் 'அம்மா சிமெண்ட்' என்று மூட்டை 190 ரூபாய்க்கு விற்கும் திட்டம் வந்தது. அரசு தனியார் ஆலைகளிடம் மொத்தமாக வாங்கி விற்றது. 2021 நவம்பரில் அரசு நிறுவனமே 'வலிமை' என்ற பெயரில் 350 ரூபாய்க்கும் 365 ரூபாய்க்கும் இரண்டு ரகம் கொண்டுவந்தது. எல்லாருக்கும் கிடைக்கும் அளவு இல்லை, காத்திருக்க வேண்டும் என்ற குறைகள் உண்டு. ஆனாலும் அரசு போல ஒரு பெரிய கை பேரம் பேசினால் ஆலைகள் இறங்கி வருகின்றன, ஒற்றைக் கொத்தனார் பேசினால் இறங்குவதில்லை என்பது அதனால் தெரிந்தது. தனியாருக்குப் பக்கத்தில் ஒரு பொதுக்கடை திறந்திருந்தால், எது நியாய விலை என்று காட்ட ஓர் அளவுகோல் இருக்கும்.

ரொட்டிக்காக எழுந்த ஒரு கை

தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு வழக்கு இங்கே சொல்லத் தக்கது. 2006 டிசம்பரில் அங்கே கேப் பகுதியில் சிறு ரொட்டி வியாபாரிகளுக்குக் கொடுக்கும் கழிவைப் பெரிய பேக்கரிக் கம்பெனிகள் ஒன்றுபோல் குறைத்தன. விலையையும் ஒன்றுபோல் ஏற்றின. வீடு வீடாக ரொட்டி போடும் வியாபாரிகள் போட்டி ஆணையத்துக்குப் புகார் எழுதினார்கள். விசாரணை வந்தது. டைகர் பிராண்ட்ஸ் கம்பெனி 2007 நவம்பரில் 9.88 கோடி ராண்ட் அபராதம் கட்ட இசைந்தது. பயோனியர் ஃபுட்ஸ் 2010-ல் செய்துகொண்ட உடன்படிக்கையில், விலையைச் சில காலம் குறைத்து விற்கவும், சிறு உணவுத் தொழிலாளருக்குக் கைகொடுக்க 25 கோடி ராண்டில் ஒரு நிதி உருவாகப் பணம் தரவும் ஒப்புக்கொண்டது.

அந்த நாட்டின் 1998-ம் ஆண்டுப் போட்டிச் சட்டம், ஒதுக்கப்பட்ட மக்களிடம் சொத்துரிமை பரவ வேண்டும் என்பதையும் தன் நோக்கங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆகவே அபராதப் பணம் கஜானாவுக்குள் மறைந்துவிடாமல், அடிபட்டவன் பக்கம் திரும்ப ஒரு வழி பிறந்தது. இந்தியாவிலும் நஷ்டப்பட்டவர் ஈடு கேட்டுத் தீர்ப்பாயம் போகலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. நானூறு மூட்டை வாங்கியவர் வக்கீல் வைத்து டெல்லிக்கு அலைவாரா?

செய்ய வேண்டியவை

சட்டம் இல்லாத குறை இல்லை. 2023-ம் ஆண்டில் திருத்தமும் வந்தது. அபராதத்தைக் கம்பெனியின் உலக வியாபாரம் முழுவதையும் வைத்துக் கணக்கிடலாம் என்றாயிற்று. மேல்முறையீடு செய்யக் கால் பங்கு அபராதத்தை முன்னால் கட்ட வேண்டும் என்றும் ஆயிற்று. இவை நல்ல திருத்தங்கள். ஆனால் அதற்குச் சற்று முன், 2022 அக்டோபரில் தலைவர் ஓய்வு பெற்றபின், 2023 மே வரை முழுநேரத் தலைவர் இல்லாமல் ஆணையம் இருந்தது. தீர்ப்புச் சொல்லப் போதிய உறுப்பினர்கூட இல்லை. காவல்காரனை நியமிக்காமல் பூட்டை மட்டும் பெரிதாக்கி என்ன பயன்?

முதலாவதாக, ஆணையத்தில் எல்லா இடமும் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். மேல்முறையீடுகள் எட்டு ஆண்டு இழுக்காமல், காலக்கெடுவுக்குள் முடிய வேண்டும்.

இரண்டாவதாக, பெரிய கம்பெனி இன்னொன்றை விழுங்க அனுமதி கேட்கும்போது, அந்தந்த வட்டாரத்தில் வாங்குபவனுக்கு எத்தனை கடை மிஞ்சும் என்று பார்க்க வேண்டும். அந்த ஊர் மக்கள் கருத்தை அவர்கள் மொழியிலேயே கேட்க வேண்டும். சங்கர் நகர் ஆலை கை மாறுவது பற்றித் தாழையூத்துத் தொழிலாளிக்கும் நெல்லைக் கொத்தனாருக்கும் சொல்ல ஏதாவது இருக்காதா?

மூன்றாவதாக, அபராதத்தில் ஒரு பகுதி நஷ்டப்பட்டவர்களுக்குத் திரும்ப வேண்டும். தனித்தனி மூட்டைக்குக் கணக்கு எழுத முடியாது. ஏழைகளின் வீட்டுத் திட்டத்துக்கோ, கட்டிடத் தொழிலாளர் நல நிதிக்கோ ஒதுக்க முடியும்.

மக்களும் சும்மா இருக்கக்கூடாது. 1975-ல் தொடங்கிய மும்பை கிராஹக் பஞ்சாயத்து, பல குடும்பங்களைக் குழுவாகச் சேர்த்து, மாதச் சாமானை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக் காட்டியிருக்கிறது. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் ஊர்ச் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. கொடை விழாவுக்கு வரி பிரிக்கிறார்கள். இறந்தவரை ஊருக்கு அனுப்பப் பணம் சேர்க்கிறார்கள். ஒரே ஊரில் வீடு கட்டும் பத்துப் பேர் சேர்ந்து நாலாயிரம் மூட்டைக்கு விலை கேட்டால், கடைக்காரர் உட்காரச் சொல்லிப் பேசுவார். முதலாளிகள் சேர்வது விலையை ஏற்ற. தொழிலாளிகள் சேர்ந்தால் அதை இறக்கலாம்.

போட்டிச் சட்டம் ஒன்றே ஏழ்மையை ஒழித்துவிடாது. கூலி உயர சங்கம் வேண்டும். பிள்ளை படிக்கப் பள்ளி வேண்டும். பசிக்கு ரேஷன் வேண்டும். ஆனால் சங்கம் போராடி வாங்கிய கூலி உயர்வை, கூடிப் பேசி ஏற்றிய விலை ஒரே வாரத்தில் விழுங்கிவிடுகிறது. ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. ஓட்டையை அடைக்கும் வேலைதான் இது.

சயான் ஸ்டேஷனுக்கு வெளியே நின்று போனைக் காதில் வைத்திருப்பவர், "சரி, போடுங்க, கடன் வாங்கி அனுப்புதேன்" என்கிறார். சென்டரிங் பலகைக்கு நாள் வாடகை ஓடுகிறது, பொறுக்க முடியாது. அவருக்கு ஆணையமும் தீர்ப்பாயமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை அவர் "வேற கம்பெனி மூட்டை கேட்டுப் பாத்தீரா?" என்று கேட்கும்போது, "ஆமா அண்ணாச்சி, அங்க குறைச்சலாத் தாரான்" என்று கொத்தனார் பதில் சொல்ல வேண்டும். அதுவரை டெல்லியில் தீர்ப்புகள் எத்தனை வந்தாலும் ஊரில் வீடு லிண்டலோடுதான் நிற்கும்.